தாத்தாவின் பண்பு பேரனுக்கு எப்படி வந்தது? மரபியலின் முதல் பாடம்

“அது அவங்க ரத்தத்துலயே இருக்கு”, “அப்படியே அப்பா ஜாடை”, “எல்லாம் ஜீன் செய்யுற வேலை” என்று பரம்பரையைப் பற்றி நாம் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். பேசும் அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிறோமா என்றால், பெரும்பாலும் இல்லை. பள்ளியில் 3:1 என்ற விகிதத்தை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் பலர், ஓங்கு பண்பு என்றால் வலிமையான பண்பு என்றும், ஒரு நோய் வர 25 சதவீத வாய்ப்பு என்றால் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குக் கட்டாயம் வரும் என்றும் பிற்காலத்திலும் நம்புகிறார்கள். இரண்டுமே தவறு.

பெற்றோர் இருவரின் தன்மைகளும் பிள்ளையிடம் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன என்று நினைப்பதால்தான் பல குழப்பங்கள் வருகின்றன. முதலில் அந்த எண்ணத்தைச் சரிசெய்துவிடுவோம். அதற்குப் பிறகு வரும் விதிகளை மனப்பாடம் செய்யவே தேவையிருக்காது.

கரையும் சாயமா, கலையாத மணியா?

ஒரு கிண்ணத்தில் சிவப்புச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் ஊற்றிக் கலக்கினால் ஆரஞ்சு நிறம் வரும். அந்த ஆரஞ்சு நீரிலிருந்து பழைய சிவப்பைத் திரும்ப எடுக்க முடியாது. இன்னொரு கிண்ணத்தில் சிவப்பு மணிகளையும் மஞ்சள் மணிகளையும் கொட்டுங்கள். எவ்வளவு குலுக்கினாலும் சிவப்பு மணி சிவப்பாகவே இருக்கும். கையை விட்டு எடுத்தால், போட்டபடியே திரும்பக் கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டில் அறிஞர்களில் பலர் பரம்பரையைச் சாயம் போலத்தான் எண்ணினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது நியாயமாகவும் தோன்றும். உயரமான தந்தைக்கும் குட்டையான தாய்க்கும் நடுத்தர உயரத்தில் பிள்ளை பிறப்பதைப் பார்க்கிறோம் இல்லையா? ஆனால் இந்த எண்ணத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் சாயம் கலந்துகொண்டே போனால், சில தலைமுறைகளில் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும். அப்படி நடப்பதில்லை. பெற்றோர் இருவரிடமும் காணாத ஒரு பண்பு, தாத்தாவிடம் இருந்த அதே வடிவத்தில், கொஞ்சமும் நீர்த்துப்போகாமல் பேரனிடம் வந்து நிற்கிறது. சாயத்தால் இது முடியாது, மணியால் முடியும்.

பரம்பரை மணிகளைப் போன்றதுதான் என்பதைச் சோதனை செய்து காட்டியவர் கிரிகோர் மெண்டல்.

பட்டாணிச் செடி சொன்ன கணக்கு

மெண்டல் 1822இல் பிறந்தவர். இன்று செக் குடியரசில் இருக்கும் பர்னோ நகரின் மடத்தில் துறவியாக இருந்தார். 1856 முதல் 1863 வரை அந்த மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கணக்கெடுத்தார். எத்தனையோ செடிகள் இருக்கப் பட்டாணியை அவர் தேர்ந்தெடுத்ததே ஒரு சிறந்த முடிவு. பட்டாணிப் பூவின் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இதழ்களுக்குள் மூடியே இருக்கும். அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும், வெளி மகரந்தம் நுழைவது அரிது. எந்தச் செடியோடு எதைச் சேர்ப்பது என்பதை ஆய்வாளரே முடிவுசெய்யலாம்: மொட்டு முதிரும் முன்பே மகரந்தப் பைகளை நீக்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைப் பெண் உறுப்பின் நுனியான சூல்முடியில் தடவினால் போதும்.

அவர் காட்டிய பொறுமையைக் கவனிக்க வேண்டும். சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே 34 பட்டாணி வகைகளை இரண்டு ஆண்டுகள் வளர்த்து, தலைமுறை மாறினாலும் பண்பு மாறாத 22 வகைகளைப் பொறுக்கி எடுத்தார். இப்படிப் பண்பு மாறாமல் தொடரும் வகைக்குத் தூய கால்வழி என்று பெயர். தொடக்கம் தூயதாக இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் ஆராய்ந்த ஏழு பண்புகளில் ஒன்றான விதையின் வடிவத்தை மட்டும் பார்ப்போம். ஒரு வகையின் விதைகள் உருண்டையாக இருக்கும், இன்னொரு வகையின் விதைகள் காய்ந்ததும் சுருங்கிப்போகும். இரண்டையும் கலப்பினம் செய்தபோது, முதல் தலைமுறையில் கிடைத்த விதைகள் எல்லாமே உருண்டை. பாதி சுருங்கிய விதை ஒன்றுகூட இல்லை. சுருக்கம் அழிந்தேவிட்டது போலத் தோன்றியது.

அந்த முதல் தலைமுறைச் செடிகளைத் தம் மகரந்தத்தாலேயே கருவுற விட்டார். இரண்டாம் தலைமுறையில் 7,324 விதைகள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தார். உருண்டை விதைகள் 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. காணாமல்போன சுருக்கம் பாட்டன் செடியில் இருந்த அதே அளவில் திரும்பி வந்திருந்தது. விதையின் நிறத்திலும் இதே கதைதான்: மஞ்சள் 6,022, பச்சை 2,001.

பலர் 3:1 என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மெண்டலின் மேதைமையை அடுத்த படியில்தான் நான் காண்கிறேன். அவர் இரண்டாம் தலைமுறையின் உருண்டை விதைகளையும் விதைத்துப் பார்த்தார். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளில் 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. மீதி 372 செடிகள் உருண்டை, சுருக்கம் இரண்டையும் தந்தன. அதாவது, உருண்டை விதைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூயவை, மூன்றில் இரண்டு பங்கு சுருக்கத்தை உள்ளே மறைத்து வைத்திருப்பவை. கண்ணுக்கு 3:1 என்று தெரிந்தது, உள்ளே 1:2:1 ஆக இருந்தது.

இதுவரை பார்த்ததை ஒருமுறை நினைவில் நிறுத்திக்கொள்வோம்: ஒரு தலைமுறையில் வெளியே தெரியாத பண்பு அழிந்துவிடுவதில்லை. அதை உண்டாக்கும் ஏதோ ஒன்று முழுதாக உள்ளே இருக்கிறது, அடுத்த தலைமுறையில் அப்படியே வெளிவருகிறது.

பெயர்களை வைத்துக்கொள்வோம்

அந்த ‘ஏதோ ஒன்றை’ மெண்டல் காரணி என்றார். இன்று நாம் அதை மரபணு அல்லது ஜீன் என்கிறோம். டி.என்.ஏ. என்ற நீண்ட மூலக்கூறில், பெரும்பாலும் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற செய்தியைக் கொண்டிருக்கும் ஒரு பகுதிதான் மரபணு. ஒரே மரபணுவுக்குச் சற்று வேறுபட்ட வடிவங்கள் இருக்கலாம். அந்த வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். விதை வடிவத்துக்கான மரபணு ஒன்று, அதற்கு உருண்டை அல்லீல், சுருக்க அல்லீல் என இரண்டு வடிவங்கள். பேச்சு வழக்கில் “அவனுக்கு அந்த ஜீன் இருக்கு, எனக்கு இல்லை” என்கிறோம். மரபணு பெரும்பாலும் இருவருக்குமே இருக்கும், அல்லீல்தான் வேறுபடும்.

ஒரு செடியிடமோ மனிதரிடமோ பெரும்பாலும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக, அதாவது இரண்டு நகல்களாக, இருக்கிறது. ஒரு படி தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. இவற்றில் எந்த அல்லீல்கள் இருக்கின்றன என்பது ஜீனாக்கம், வெளியே தெரியும் விளைவு புறத்தோற்றம். இரண்டு அல்லீல்களும் வேறுபட்டிருக்கும்போது புறத்தோற்றத்தில் தெரியும் பண்பை ஓங்கு பண்பு என்றும், தெரியாமல் போவதை ஒடுங்கு பண்பு என்றும் சொல்கிறோம்.

உருண்டை அல்லீலை ‘உ’ என்றும் சுருக்க அல்லீலை ‘சு’ என்றும் குறிப்போம். தூய உருண்டைச் செடி உ-உ. தூய சுருக்கச் செடி சு-சு.

3:1 எங்கிருந்து வருகிறது?

இங்கே ஒரு விதி மட்டும் தேவை. மகரந்தமோ சூல்முட்டையோ, ஆணின் விந்தணுவோ பெண்ணின் கருமுட்டையோ உருவாகும்போது, இணையாக இருந்த இரண்டு படிகளும் பிரிந்து ஆளுக்கு ஒன்றாகப் போகின்றன. இந்தச் செல்களுக்கு இனச்செல்கள் என்று பெயர். ஓர் இனச்செல்லில் ஒரு படி மட்டுமே இருக்கும். இதுதான் தனித்துப் பிரிதல் விதி.

உ-உ செடி தரும் இனச்செல்கள் எல்லாவற்றிலும் ‘உ’ தான். சு-சு செடி தருபவை எல்லாவற்றிலும் ‘சு’ தான். இரண்டும் சேர்ந்தால் எல்லா விதையும் உ-சு. உருண்டை ஓங்கு பண்பு என்பதால் எல்லாமே உருண்டையாகத் தெரிகின்றன. முதல் தலைமுறையின் புதிர் இங்கே தீர்ந்தது.

இப்போது உ-சு செடி தன்னோடு தானே சேர்கிறது. அதன் மகரந்தத்தில் பாதி ‘உ’, பாதி ‘சு’. சூல்முட்டையிலும் அப்படியே. எந்த மகரந்தம் எந்த முட்டையைச் சேரும் என்பது தற்செயல். எனவே நான்கு சேர்க்கைகள், நான்குக்கும் ஒரே அளவு வாய்ப்பு:

முட்டையில் உ, மகரந்தத்தில் உ: உருண்டை.
முட்டையில் உ, மகரந்தத்தில் சு: உருண்டை.
முட்டையில் சு, மகரந்தத்தில் உ: உருண்டை.
முட்டையில் சு, மகரந்தத்தில் சு: சுருக்கம்.

நான்கில் மூன்று உருண்டை, ஒன்று சுருக்கம். உருண்டையான மூன்றில் ஒன்று மட்டும் தூயது. மெண்டல் 565 செடிகளில் கண்ட கணக்கும் இதேதான். இந்த நான்கு சேர்க்கைகளையும் கட்டம் போட்டுக் காட்டும் முறைக்கு, ஆங்கிலேய மரபியலாளர் ரெஜினால்டு புன்னட்டின் பெயரால் புன்னட் கட்டம் என்று பெயர். கட்டம் வரையத் தெரிந்திருப்பதைவிட, கட்டத்தின் ஓரங்களில் எழுதுவது இனச்செல்களைத்தான் என்று தெரிந்திருப்பது முக்கியம். தேர்வில் தவறு நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

ரத்தத்தில் இல்லை, குரோமோசோமில் இருக்கிறது

மெண்டல் தம் முடிவுகளை 1865இல் வாசித்தார், 1866இல் அச்சிட்டார். அவற்றின் அருமையை அன்று எவரும் உணரவில்லை. 1884இல் அவர் மறைந்தார். 1900இல் ஹியூகோ டி விரீஸ், கார்ல் காரன்ஸ், எரிக் வான் ஷெர்மாக் ஆகிய தாவரவியலாளர்களின் ஆய்வுகள் அவருடைய கட்டுரையை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே வால்டர் சட்டனும் தியோடர் போவெரியும், மெண்டலின் காரணிகள் நடந்துகொள்ளும் விதமும் செல்லின் உட்கருவில் இருக்கும் குரோமோசோம்கள் நடந்துகொள்ளும் விதமும் ஒத்துப்போகின்றன என்று காட்டினார்கள். குரோமோசோம் என்பது டி.என்.ஏ. இழை புரதங்களோடு சேர்ந்து சுருண்டிருக்கும் வடிவம். மரபணுக்கள் அதில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

பரம்பரைக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஒரு நிற முயல்களின் ரத்தத்தை வேறு நிற முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் குட்டிகளைப் பார்த்தார். குட்டிகளின் நிறத்தில் மாற்றமே இல்லை. இதை 1871இல் வெளியிட்டார். மனித ரத்தத்தின் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கருவே கிடையாது. ரத்தம் ஏற்றிக்கொண்டால் கொடுத்தவரின் குணம் வந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

மனிதரின் உடல் செல்லில் 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக இருக்கின்றன. இனச்செல் உருவாகும்போது நடக்கும் சிறப்புச் செல் பிரிதலுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். அதில் ஒவ்வொரு இணையும் பிரிந்து, இணைக்கு ஒன்றாக 23 குரோமோசோம்கள் மட்டும் ஓர் இனச்செல்லுக்குப் போகின்றன. கருவுறும்போது 23உம் 23உம் சேர்ந்து மறுபடி 46. மெண்டல் கண்ணால் காணாமல் கணக்கால் மட்டுமே ஊகித்த பிரிதலை, நுண்ணோக்கி இங்கே நேரில் காட்டியது.

ஓர் இணையில் எந்தக் குரோமோசோம் போகும் என்பது மற்ற இணைகளைச் சார்ந்ததில்லை. அப்படியானால் ஒருவரிடமிருந்து உருவாகக்கூடிய குரோமோசோம் சேர்க்கைகள் எத்தனை? 2ஐ 23 முறை பெருக்க வேண்டும். 83,88,608. தாயிடம் இத்தனை, தந்தையிடம் இத்தனை. இதுவும் குறைவான கணக்குதான். ஏனெனில் குன்றல் பகுப்பின்போது இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே பெற்றோருக்குப் பிறந்த அண்ணனும் தங்கையும் இவ்வளவு வேறுபட்டிருப்பது ஏன் என்று இனி வியக்க வேண்டாம். இருவருக்கும் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வந்தது உண்மை. ஆனால் இருவருக்கும் ஒரே பாதி வரவில்லை.

இணைகள் இப்படித் தனித்தனியே நடந்துகொள்வதை மெண்டலின் தோட்டமும் காட்டியது. வடிவம், நிறம் இரண்டையும் ஒன்றாகப் பார்த்த சோதனையில் 556 விதைகள் கிடைத்தன: உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. கிட்டத்தட்ட 9:3:3:1. இதற்குச் சார்பின்றி ஒதுங்குதல் விதி என்று பெயர். ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் மரபணுக்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை பெரும்பாலும் சேர்ந்தே பயணம் செய்யும்.

ஓங்கு என்றால் வலிமையா?

இந்தக் குழப்பம் மிகப் பரவலானது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஓங்கு அல்லீல் ஒடுங்கு அல்லீலை அடக்குகிறது, அமுக்குகிறது என்றெல்லாம் சொல்கிறார்கள். உண்மையில் இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை. என்ன நடக்கிறது என்பதற்கு மெண்டலின் அதே பட்டாணி விதையே சாட்சி.

மாவுச்சத்தின் சங்கிலியில் கிளைகளை உண்டாக்கும் நொதி ஒன்று பட்டாணியில் உண்டு. நொதி என்பது செல்லுக்குள் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். உருண்டை அல்லீல் இந்த நொதியைச் சரியாகச் செய்கிறது. சுருக்க அல்லீலில் கூடுதலான ஒரு டி.என்.ஏ. துண்டு நடுவில் புகுந்திருக்கிறது, அதனால் வேலை செய்யும் நொதி வருவதில்லை. 1990இல் இது தெரியவந்தது. நொதி இல்லாத விதையில் மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை மிகுந்த விதை வளரும்போது நீரை நிறைய இழுத்துக்கொண்டு உப்பும். முதிர்ந்து காயும்போது அந்த நீரெல்லாம் போய்விட, தோல் சுருங்கிவிடும்.

உ-சு விதையில் வேலை செய்யும் படி ஒன்றுதான் இருக்கிறது. விதை உருண்டையாக இருக்க அந்த ஒரு படி செய்யும் நொதியே போதும். ‘உ’ ஓங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான். ‘சு’ அங்கே சும்மா இருக்கிறது, யாரும் அதை அடக்கவில்லை. அதே உ-சு விதையின் மாவுச்சத்துத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால், அவை இரு தூய வகைகளுக்கும் இடைப்பட்டிருக்கும். ஆக, எந்த அளவில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஓங்குதன்மையே மாறுகிறது.

ஓங்கு பண்புதான் மக்களிடையே அதிகம் இருக்கும் என்பது இதன் உடன்பிறந்த தவறு. ரத்த வகைகளில் ‘ஓ’ ஒடுங்கு பண்பு, இருந்தும் உலகின் பல பகுதிகளில் அதுவே அதிகம். ஹண்டிங்டன் நோய் என்ற நரம்புச் சிதைவு நோய் ஓங்கு அல்லீலால் வருவது, ஆனாலும் அரிது. ஓங்கு பண்பு காலப்போக்கில் பரவி முக்கால்வாசிப் பேருக்கு வந்துவிடாதா என்ற கேள்வி 1908இல் எழுந்தது. கணித மேதை ஜி. எச். ஹார்டியும் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வெய்ன்பெர்க்கும் தனித்தனியாக விடை தந்தார்கள்: வேறு காரணம் எதுவும் குறுக்கிடாதவரை, அல்லீல்களின் விகிதம் தலைமுறைதோறும் மாறாமல் அப்படியே இருக்கும். 3:1 என்பது இரண்டு உ-சு பெற்றோருக்கான கணக்கு, ஊர் முழுவதற்குமான கணக்கு இல்லை.

சில பண்புகளில் எதுவுமே முழுதாக ஓங்குவதில்லை. அந்தி மந்தாரையின் சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூ வரும். பார்த்தால் சாயம் கலந்தது போலவே இருக்கும். ஆனால் அந்த இளஞ்சிவப்புச் செடிகளின் அடுத்த தலைமுறையில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை மூன்றும் 1:2:1 என்று வந்து நிற்கின்றன. பழைய சிவப்பு துளியும் நீர்க்காமல் திரும்புகிறது. கலந்தது தோற்றம் மட்டும்தான், அல்லீல்கள் கலக்கவில்லை. இது முழுமையற்ற ஓங்குதன்மை. ரத்த வகையில் ஏ, பி அல்லீல்கள் இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் இரண்டுமே முழுதாக வெளிப்பட்டு ‘ஏபி’ ஆகும். இது இணை ஓங்குதன்மை. ஏ-ஓ தந்தைக்கும் பி-ஓ தாய்க்கும் ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகைகளிலும் பிள்ளைகள் பிறக்கலாம். பெற்றோரின் ரத்த வகை பிள்ளைக்கு வரவில்லை என்றதும் சந்தேகப்படுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

சுருக்கமாக: ஓங்கு, ஒடுங்கு என்பவை ஓர் இணையில் எது வெளியே தெரிகிறது என்பதை மட்டும் சொல்கின்றன. எது நல்லது, எது வலியது, எது பெருவாரியானது என்று அவை சொல்லவில்லை.

நான்கில் ஒன்று என்பதன் பொருள்

ஒடுங்கு நோய் ஒன்றின் அல்லீலை ஒருவர் ஒரு படி மட்டும் கொண்டிருந்தால் அவருக்கு நோய் இருக்காது. அவரைக் கடத்தி என்பார்கள். பெற்றோர் இருவரும் கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. “முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை” என்று நினைப்பவர்கள் உண்டு. இது ஆபத்தான தவறு. இனச்செல்களுக்கு நினைவு கிடையாது. முந்தைய குழந்தைக்கு என்ன ஆனது என்பது அடுத்த கருவுறுதலைத் தொடாது. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு புதிதாக அதே 25 சதவீதம்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அப்படிப்பட்ட பெற்றோருக்கு நான்கு குழந்தைகள் என்றால், நான்கு பேருமே நோயின்றிப் பிறக்கும் வாய்ப்பு ¾ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 32 சதவீதம். சரியாக ஒருவருக்கு மட்டும் வரும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நான்கில் ஒருவர் என்ற ‘பாடப் புத்தகக் குடும்பம்’ பாதிக்கும் குறைவாகவே அமைகிறது. மெண்டலுக்கு 3:1 தெளிவாகத் தெரிந்ததற்குக் காரணம், அவர் நான்கு விதைகளை எண்ணவில்லை, ஏழாயிரத்துக்கும் மேல் எண்ணினார்.

நெருங்கிய உறவினர்களிடையே பிறக்கும் குழந்தைகளுக்கு ஒடுங்கு நோய் வாய்ப்பு ஏன் கூடுகிறது என்பதும் இங்கேயே விளங்கும். உறவு அல்லீலைக் கெடுப்பதில்லை. பொதுவான பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே ஒடுங்கு அல்லீல் இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே.

ஆணா பெண்ணா, தாத்தாவா பேரனா

மனிதரின் 23 இணைகளில் ஓர் இணை பாலினத்தைத் தீர்மானிக்கிறது. பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். கருமுட்டை எல்லாவற்றிலும் எக்ஸ்தான் இருக்கும். விந்தணுக்களில் ஏறக்குறைய பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எது வந்து சேர்கிறதோ அதைப் பொறுத்துப் பிள்ளை. பெண் குழந்தை பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்வதற்கு உயிரியலில் எள்ளளவும் இடமில்லை. இதைப் படிக்கும் மாணவர்கள் வீட்டில் உரக்கச் சொல்ல வேண்டிய பாடம் இது. அதற்காகத் தந்தையைக் குறை சொல்லவும் வழியில்லை, எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையில் இல்லை.

சிவப்பு-பச்சை நிறக்குருடுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணிடம் ஓர் எக்ஸ்தான், அதில் குறையுள்ள அல்லீல் இருந்தால் ஈடு செய்ய இன்னொரு படி கிடையாது. பெண்ணிடம் இன்னொரு எக்ஸில் வேலை செய்யும் படி இருந்தால் பெரும்பாலும் குறை தெரியாது. அதனால்தான் இக்குறை ஆண்களிடம் மிகுதி. இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். நிறக்குருடான தாத்தா தன் எக்ஸைத் தன் மகன்களுக்குத் தருவதில்லை, அவர்களுக்கு ஒய்யைத் தருகிறார். மகள்கள் எல்லோருக்கும் எக்ஸைத் தருகிறார். மகள் கடத்தியாகிறாள், அவளுக்கு நிறங்கள் சரியாகவே தெரிகின்றன. அவளுடைய மகனுக்கு அந்த எக்ஸ் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. போனால், பேரன் நிறக்குருடு. நடுத் தலைமுறையில் பண்பு எங்கும் போய்விடவில்லை, அம்மாவிடம் முழுதாக இருந்தது.

ஒரு பண்புக்கு ஒரு மரபணு என்று எண்ண வேண்டாம்

மெண்டல் தேர்ந்தெடுத்த பண்புகள் தெளிவாக இரண்டாகப் பிரிபவை. மனிதப் பண்புகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 12,000 டி.என்.ஏ. வேறுபாடுகளைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இத்தனை சிறு பங்குகள் கூடும்போது, பிள்ளைகளின் உயரம் பெற்றோருக்கு இடைப்பட்டதாக அமைவது இயல்பு. சாயக் கலவை என்ற மயக்கம் பிறந்த இடம் இதுதான். ஒவ்வொரு அல்லீலும் தனித்தனியே கலையாமல்தான் வருகிறது, எண்ணிக்கை மிகுதியால் கூட்டுத்தொகை மட்டும் கலவை போலத் தெரிகிறது.

நாக்கை இருபுறமும் மடித்துச் சுருட்டுவது ஒற்றை ஓங்கு மரபணுவின் வேலை என்று வகுப்பறைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. 1940இல் இதை முன்வைத்தவர் ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டவன்ட் என்ற மரபியலாளர். பிறகு, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களிலேயே ஒருவரால் சுருட்ட முடிந்து மற்றவரால் முடியாமலிருப்பது தெரிந்ததும், அவரே அதைக் கைவிட்டார். வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்து, பெற்றோரைப் போல நாக்கு சுருளவில்லையே என்று ஒரு பிள்ளையைக் குழப்புவதை ஆசிரியர்கள் நிறுத்திவிடலாம்.

இன்னொன்று, மரபணு தரும் செய்தியின் விளைவு சூழலையும் பொறுத்தது. பீனைல்கீட்டோனூரியா என்ற ஒடுங்கு நோயை 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டறிந்தார். புரத உணவில் இருக்கும் பீனைல் அலனின் என்ற பொருளை மாற்றும் நொதி இந்தக் குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யாது. அது உடலில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிறந்த சில நாட்களில் ஒரு துளி ரத்தத்தைச் சோதித்து நோயைக் கண்டுபிடித்து, பீனைல் அலனின் குறைந்த உணவை உடனே தொடங்கித் தொடர்ந்தால், அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து படிக்க முடியும். அவருடைய இரண்டு அல்லீல்களும் பழையபடிதான் இருக்கும். உணவு உடலைக் காத்ததே தவிர அல்லீலைத் திருத்தவில்லை. எனவே பிற்காலத்தில் அவருக்குப் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அந்த அல்லீலில் ஒரு படி கட்டாயம் போகும். துணைவரிடமிருந்து இயல்பான படி வந்தால், அந்தப் பிள்ளைக்குச் சிறப்பு உணவே தேவைப்படாது.